முதலில் படகு, அப்புறம் கோயில்: பிச்சாவரத்திலும் சிதம்பரத்திலும் குடும்பத்தோடு ஒரு நாள்

லீவு விட்டால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, பசங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் அந்தப் பக்கம் வரலாம்னு இருக்கோம். பிச்சாவரம், சிதம்பரம் ரெண்டும் ஒரே நாள்ல முடியுமா?" நான் இந்தப் பக்கத்துக்காரன் என்பதால் என்னைத்தான் கேட்பார்கள். முடியும். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில் பாதிப் பேர் தப்புச் செய்கிறார்கள், அதனால் பிள்ளைகள் வெயிலில் வாடிப்போய், பெரியவர்கள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு, கோயில் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பியதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வரிசை இதுதான்: காலையில் பிச்சாவரம், மதியம் சாப்பாடும் ஓய்வும், மாலையில் நடராஜர் கோயில். இதை மாற்றாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் சித்தப்பா மகன் குடும்பம் மாற்றிப் பார்த்தது. 'சாமி கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்' என்று சித்தி சொல்லிவிட்டார், சரியான பேச்சுதான். கோயிலுக்குள் போகும்போதே மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்துகிற நேரம் என்பதால் ஓட்டமும் நடையுமாகச் சுற்றினார்கள், வெளிப் பிராகாரத்துக் கல் தளத்தில் சின்னவள் கால் வைக்க முடியாமல் அழுது, அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றியதில் இவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சாப்பிட்டு முடித்து பிச்சாவரம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. படகில் மேற்கூரை கிடையாது. அந்த வெயிலில் தண்ணீரும் பளபளவென்று கண்ணைக் கூச, பிள்ளைகள் இரண்டும் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் காட்டைப் பார்த்தன. திரும்பி வந்து "அங்க ஒண்ணுமே இல்லண்ணே, வெறும் செடிதான்" என்றான். அந்தச் செடியைப் பற்றித்தான் நான் நிறைய எழுதப் போகிறேன்.

எங்கிருந்து கிளம்புகிறீர்கள்?

புதுச்சேரி, கடலூர், நெய்வேலி, மயிலாடுதுறை, கும்பகோணம், விழுப்புரம் இந்த ஊர்க்காரர்களுக்கு விடியற்காலையில் கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்ப சிரமமே இல்லை. புதுச்சேரியிலிருந்து 65 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும், மயிலாடுதுறையிலிருந்து 40 கூட இல்லை. சென்னைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சென்னையிலிருந்து 230, 240 கிலோமீட்டர், குழந்தைகளோடு இரண்டு இடத்தில் நிறுத்தி வந்தால் ஐந்து மணி நேரம் சர்வ சாதாரணமாக ஆகும். அதிகாலை நாலு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் காரில் போட்டுக்கொண்டு வருவதைவிட, முதல் நாள் சாயங்காலமே ரயிலிலோ காரிலோ வந்து சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் சிக்கனமான லாட்ஜ்கள் நிறைய உண்டு. இன்னொரு லாபமும் இருக்கிறது, அந்த அறை மறுநாள் மதியம் கைகொடுக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

ரயில் என்றால் விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை போகிற மெயின் லைனில் சிதம்பரம் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து கோயில் ஆட்டோ தூரம்தான், பெட்டி இல்லையென்றால் நடந்தே வந்துவிடலாம். ஆட்டோவில் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள். பிச்சாவரத்துக்கு ஆட்டோ பேசினால் 'போக, இரண்டு மணி நேரம் காத்திருக்க, வர' என்று மூன்றையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒருமுறை எங்கள் விருந்தாளி ஒருவர் 'போக' மட்டும் பேசிவிட்டு, திரும்பும்போது வேறு வண்டியே கிடைக்காமல் அதே ஆட்டோவுக்கு இரட்டிப்பாகக் கொடுத்தார்.

மாதம் எதுவென்றால், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. வெயில் இதமாக இருக்கும், வலசை வரும் பறவைகளும் இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, கடலூர் மாவட்டமென்றால் புயலுக்கு ரொம்பப் பிடித்த மாவட்டம், காற்றும் மழையும் இருந்தால் படகு விடமாட்டார்கள். ஏப்ரல், மே மாதம் பள்ளி லீவு என்று வருபவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் ஒன்பது மணிக்குப் படகில் ஏறி பத்தரைக்குள் இறங்கிவிடுங்கள் என்பேன். காணும் பொங்கல் அன்று மட்டும் வராதீர்கள். படகுத் துறையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே திரும்பிவிடத் தோன்றும்.

காலை: பிச்சாவரம்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது, இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் வயல், அப்புறம் இறால் குட்டை, அப்புறம் திடீரென்று உப்புக் காற்று. படகுத் துறை பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும், நீங்கள் எட்டே முக்காலுக்கெல்லாம் அங்கே நின்றுவிட வேண்டும். காலைச் சாப்பாட்டைச் சிதம்பரத்திலேயே முடித்துவிடுங்கள். கழிப்பறை வேலையையும் துறையிலேயே முடித்துவிட்டுத்தான் படகில் கால் வைக்க வேண்டும், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நடுக் கால்வாயில் 'அப்பா, ஒண்ணுக்கு' என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

டிக்கெட் கவுண்டரில் துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று இரண்டு இருக்கும். ஆள் அதிகம், நேரம் குறைவு என்று நிறையப் பேர் மோட்டாருக்குப் போவார்கள். போகாதீர்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயிலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும், அதன் சத்தத்துக்குக் கொக்கு கூட நிற்காது. துடுப்புப் படகுதான் குறுகலான ஓடைகளுக்குள் நுழையும், இரண்டு பக்கத்து மரமும் தலைக்கு மேல் கூடி நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போகும். நேரத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும், ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்காதீர்கள், கைக்குழந்தை இருந்தால் இரண்டு மணி நேரமும் வேண்டாம். கட்டணப் பலகையைப் படித்து, ரசீது வாங்கிக்கொண்டு ஏறுங்கள். படகோட்டி உள்ளே அழைத்துப்போய் நன்றாகக் காட்டினால் இறங்கும்போது கையில் கொஞ்சம் கொடுப்பது வழக்கம்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பிள்ளைகளுக்குச் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுடையதை மாட்டிவிட்டால் பையன் தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மட்டும் மேலே வரும், ஆள் நழுவிவிடுவான். மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறி வந்தால் அது பெரிது என்று அர்த்தம். தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, இவ்வளவு போதும். தின்பண்டப் பையை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். பறக்கிற சிப்ஸ் கவர் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வேரில்தான் போய் மாட்டுகிறது.

இப்போது அந்தச் 'செடி'. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இந்த இரண்டும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவதால் அலையாத்தி, 2004 சுனாமி வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் அந்தப் பெயரின் அர்த்தத்தை நேரிலேயே பார்த்துவிட்டன. 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு இது போதும். பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள், அவர்களிடம் தேடச் சொல்லிக் கொடுக்க வேண்டும். என் தங்கை பிள்ளைகளோடு போகும்போது நான் நாலு விஷயம் தேடச் சொல்வேன்.

ஒன்று, முருங்கைக்காய். சுரபுன்னை மரத்தில் பச்சையாக, நீளமாகத் தொங்கும். பார்க்க முருங்கைக்காய் மாதிரியே இருக்கும், ஆனால் அது காயே இல்லை, மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிட்ட கன்று. மற்ற மரத்து விதை கீழே விழுந்து அப்புறம் முளைக்கும், இங்கே விதை உப்புத் தண்ணீரில் விழுந்தால் பிழைப்பது கஷ்டம் என்பதால் தாய் மரமே கன்றை வளர்த்து, கூர்நுனி கீழே இருக்கும்படி தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் விழுந்தால் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கிற மாதிரி அனுப்புகிறது. போன ஜனவரியில் எங்கள் கண் முன்னாலேயே ஒன்று விழுந்தது. 'பொளக்' என்று ஒரு சத்தம், படகுக்கு நாலு அடி தள்ளிச் சேற்றில் நட்ட குச்சி மாதிரி நின்றது, லேசாக ஆடிக்கொண்டே. தங்கை மகன் அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் அந்தச் சத்தத்தை வாயால் செய்துகாட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு, மூக்கு. மரத்துக்கு ஏது மூக்கு? கரையோரச் சேற்றில் பென்சிலை நிறுத்தி வைத்த மாதிரி நூற்றுக்கணக்கில் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெண்கண்டல் மரத்தின் வேர்கள் அவை. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மூச்சு விட மேலே வருகிறது. சுரபுன்னைக்கு வேறு மாதிரி, தண்டிலிருந்தே வளைந்து வளைந்து இறங்கும் கால்கள், சிலந்தி நிற்கிற மாதிரி.

மூன்று, உப்பு. வெண்கண்டல் இலையைப் படகோட்டியிடம் கேட்டு ஒன்று மட்டும் வாங்கி, நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது அந்த மரம். படகோட்டி கொடுக்கிற இலையை மட்டும் வாங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதுதான் நாலாவது.

நாலு, தில்லை. இந்த மரத்தைத் தேடலாம், தொடக்கூடாது. கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும், தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குறுகலான ஓடைக்குள் போகும்போது கிளைகள் முகத்தருகே வரும், அந்த நேரத்தில் பிள்ளைகள் கையை நீட்டி இலையைப் பறிப்பது இயல்பு, அதனால் ஏறும் முன்பே கறாராகச் சொல்லிவிடுங்கள். இந்தத் தில்லை மரக் காடு ஒரு காலத்தில் சிதம்பரம் வரை இருந்தது என்பார்கள், அதனால்தான் அந்த ஊருக்கே தில்லை என்று பெயர், கோயிலின் தல விருட்சமும் இதுதான். இப்போது ஊருக்குள் தில்லை மரம் கிடையாது, தேவாரம் பாடிய தில்லையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். நான் முதலில் படகு என்று சொல்வதற்கு வெயிலும் நடை சாத்தும் நேரமும் மட்டும் காரணமில்லை. காலையில் அந்த மரத்தைப் பார்த்த பிள்ளை, சாயங்காலம் கோயிலில் யாராவது 'தில்லை' என்று சொல்லும்போது சட்டென்று நிமிர்ந்து பார்க்கும்.

இதற்கு நடுவில் மீன்கொத்தி, நாரை, நீர்க்காகம், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கிற சின்ன நண்டு, சேற்றில் தவ்வித் தவ்விப் போகும் மீன் எல்லாம் தானாகவே கண்ணில் படும். எம்.ஜி.ஆர். படத்தை இங்கேதான் எடுத்தார்கள் என்று படகோட்டி கட்டாயம் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றியிருக்கிற நேரமாக இருந்தால் சில ஓடைகளுக்குள் படகு போகாது, அதற்கு அவரோடு சண்டை போடாதீர்கள். "தண்ணி ஏறினாத்தான் சார் உள்ள போவும், இப்போ தரை தட்டிரும்" என்றால் அது உண்மைதான், பல இடங்களில் ஆழம் ஒரு ஆள் மட்டத்துக்கும் குறைவு. அதற்காகக் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வராதீர்கள், வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி விரலைக் கிழித்துவிடும்.

மதியம்: இதுதான் கஷ்டமான பகுதி

பதினொன்று மணிக்குப் படகிலிருந்து இறங்குகிறீர்கள். கோயில் நடை திரும்பத் திறக்க மாலை ஐந்து மணி ஆகும். நடுவில் ஆறு மணி நேரம். இங்கேதான் நிறையப் பேர் 'சரி, அதுக்குள்ள வைத்தீஸ்வரன் கோயில் போயிட்டு, அப்படியே திருக்கடையூர், பூம்புகார்' என்று ஆரம்பிப்பார்கள். வேண்டாம். பிள்ளைகளுக்குக் காரின் பின் சீட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

என் வழி இது. முதலில் சாப்பாடு. கடல் உணவு சாப்பிடுகிறவர்கள் கிள்ளைப் பக்கத்திலேயோ சிதம்பரத்திலேயோ இறால், நண்டு கேட்டுச் சாப்பிடலாம், குழந்தைகளுக்கு நண்டைவிட இறால்தான் வசதி, இல்லையென்றால் நீங்கள் உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், உங்கள் சோறு ஆறிப்போகும். சைவக்காரர்கள் சிதம்பரம் வந்துவிடுங்கள். இந்த ஊர் என்றால் கொத்சு. கத்தரிக்காயைப் புளித் தண்ணீரில் வேகவிட்டு, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய்ப் பொடி போட்டு நன்றாக மசித்துக் கொதிக்கவிட்டது. சாம்பார் மாதிரி பருப்பு கிடையாது. கோயிலில் நடராஜருக்குப் படைக்கிற சம்பா சாதத்துக்கு ஜோடி இதுதான், ஓட்டலில் இட்லிக்குக் கொடுப்பார்கள். எல்லா ஓட்டலிலும் எல்லா நேரமும் இருக்காது, காலை, மாலை டிபன் நேரத்தில் 'கொத்சு இருக்கா?' என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். மதியம் சாப்பாடுதான்.

சாப்பிட்டதும் அறைக்குப் போய்த் தூங்குங்கள். சுற்றிப்பார்க்க வந்துவிட்டுத் தூங்குவதா என்று கேட்பவர்களுக்கு, ஐந்து மணிக்குக் கோயிலில் குதித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை வேண்டுமா, தோளில் தொங்கும் பிள்ளை வேண்டுமா என்று திருப்பிக் கேட்பேன். முதல் நாளே தங்கியவர்கள் அறையை இன்னும் அரை நாள் வைத்துக்கொள்ள லாட்ஜில் காலையிலேயே பேசிவிடுங்கள். அன்றே வந்தவர்களுக்கும் சில இடங்களில் சில மணி நேரத்துக்கு அறை கொடுக்கிறார்கள். குளித்து, சேறு பட்ட துணியை மாற்றிக்கொள்ளவும் அது உதவும்.

தூக்கம் வராத குடும்பம் என்றால் பரங்கிப்பேட்டை போகலாம். வெள்ளாற்றின் கழிமுகத்து ஊர், பழைய துறைமுகம், 1781இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்தது இங்கேதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கே இருக்கிறது, அதிலுள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்க விருப்பமிருந்தால் வேலை நாளாகப் பார்த்து, முன்கூட்டியே போன் செய்து அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், சும்மா போய் வாசலில் நிற்காதீர்கள். எதுவும் இல்லையென்றாலும் பரங்கிப்பேட்டை அல்வா இருக்கிறது. கால் கிலோ வாங்கினால் போதும் என்று நினைப்பீர்கள், போதாது.

மாலை: நடராஜர் கோயில்

நாலே முக்காலுக்குக் கீழவீதிக்கு வந்துவிடுங்கள். செருப்பை வண்டியிலேயே விட்டுவிடலாம், இல்லையென்றால் வாசலில் பாதுகாக்கிற இடம் இருக்கிறது. உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது. போனை அணைத்துப் பையில் வையுங்கள். நடராஜர் சந்நிதிக்கு முன்னால் இருக்கிற கனகசபைப் பக்கம் போகிற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், வேட்டி கட்டி வந்தால் வசதி. அர்ச்சனை, காணிக்கை எல்லாம் உங்கள் விருப்பம்.

நேரே சந்நிதிக்கு ஓடாதீர்கள். சாயங்கால வெயில் கோபுரத்தில் விழும் அந்த அரை மணி நேரத்தை கோபுர வாசலிலேயே செலவு செய்யுங்கள். கிழக்கு கோபுரத்தின் உள் சுவர்களில் இரண்டு பக்கமும் கீழிருந்து மேல்வரை சின்னச் சின்னக் கட்டங்களில் ஆடும் பெண்கள். பரத சாஸ்திரம் சொல்கிற 108 கரணங்கள், அதாவது ஆடல் நிலைகள். பரதம் கற்றுக்கொள்ளும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால் அவள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். கற்றுக்கொள்ளாத பிள்ளைகளிடம் 'ஒரு காலைக் காதுவரைக்கும் தூக்கியிருக்கிறவளைக் கண்டுபிடி' என்று சொன்னால் போதும், அடுத்த நிமிடம் அதே மாதிரி நிற்க முயன்று யாராவது ஒருவர் உட்கார்ந்துவிடுவார். தெற்கு கோபுர வாசலில் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், விதானத்தில் பாண்டியர்களின் மீன் சின்னம் இருக்கிறது. வடக்கு கோபுரத்தில் கிருஷ்ணதேவராயர் கைகூப்பி நிற்கிறார். நாலு கோபுரத்தையும் பிள்ளைகளோடு சுற்ற முடியாது, இரண்டைத் தேர்ந்தெடுங்கள். எனக்குக் கிழக்கும் தெற்கும்.

உள்ளே, கணக்கு வராத பிள்ளைக்கும் பிடிக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. நடராஜர் சந்நிதியின் பொற்கூரையில் வேய்ந்திருக்கும் ஓடுகள் 21,600 என்பது மரபு. ஏன் அந்த எண்? நிமிடத்துக்கு பதினைந்து மூச்சு என்று வைத்துக்கொண்டு, அறுபதால் பெருக்கி, இருபத்துநாலால் பெருக்கச் சொல்லுங்கள். சரியாக ஒரு நாளின் மூச்சுக் கணக்கு வரும். ஓடுகளில் அடித்த ஆணிகள் 72,000, உடம்பிலுள்ள நாடிகளின் எண்ணிக்கை என்பார்கள். தங்கை மகள் அங்கேயே உட்கார்ந்து, தன் மூச்சை நிமிடத்துக்கு எண்ணிப் பார்த்து, 'எனக்கு இருபத்திரண்டு வருது மாமா, கூரை பத்தாது' என்றாள்.

நிருத்த சபையைத் தேர் மாதிரியே செதுக்கியிருக்கிறார்கள், சக்கரமும் குதிரையும் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கும் வேலையும் பிள்ளைகளுக்கே. காளியோடு போட்டி போட்டு ஆடிய நடராஜர், காலைத் தலைக்கு மேல் தூக்கி ஜெயித்த இடமாகச் சொல்கிறார்கள். தோற்ற காளி ஊரின் வடக்கு எல்லைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள், தில்லைக் காளி கோயில் அது. நேரமிருந்தால் ஆட்டோவில் பத்து நிமிடம். அது போங்காட்டம் என்று என் தங்கை மகன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான், எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் படுகிறது.

நடராஜர் சந்நிதிக்கு எதிரே ஓர் இடத்தில் நின்றால், இந்தப் பக்கம் ஆடுகிற சிவன், அந்தப் பக்கம் படுத்திருக்கிற கோவிந்தராஜப் பெருமாள், இரண்டு பேரையும் பார்க்கலாம். எங்கே என்று அங்கிருப்பவர்களைக் கேட்டால் காட்டுவார்கள். 108 திவ்ய தேசங்களில் திருச்சித்திரகூடம் என்பது இந்தப் பெருமாள் சந்நிதிதான். மாமியார் வீட்டில் வைணவம், பிறந்த வீட்டில் சைவம் என்று இருக்கிற குடும்பங்களுக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு ஊர் பார்த்த மாதிரி.

ஆறு மணி வாக்கில் சாயரட்சை பூஜை. மணிகள் எல்லாம் ஒரேயடியாக ஒலிக்கும், சின்னக் குழந்தை பயப்படும், முன்பே சொல்லி வையுங்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். தீபாராதனை முடிந்ததும் சிவகங்கைக் குளத்துப் படியில் போய் உட்காருங்கள். காற்று வரும். ஆயிரங்கால் மண்டபமும் அங்கேதான், தேர் திருவிழா முடிந்து நடராஜருக்கு அபிஷேகம் நடக்கிற இடம் அது. மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் அந்த மண்டபத்தில் நிற்க இடம் கிடைக்காது. சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை வருகிறவர்கள் அந்த இரண்டு நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

திரும்பும் வழி

ஏழரைக்கு வெளியே வந்தால் மேலவீதியிலோ தெற்குவீதியிலோ இட்லி கொத்சு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ரயிலில் வந்தவர்கள் திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே உறுதி செய்திருக்க வேண்டும், ராத்திரி எட்டு மணிக்குமேல் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இடம் பிடிப்பது பெரும் பாடு.

சொந்த வண்டியில் மறுநாளும் கையில் இருக்கிறவர்கள் சென்னைக்குப் போகும்போது வடலூர் வழியாகப் போங்கள், அவ்வளவுதான் நான் சேர்க்கச் சொல்கிற ஒரே ஊர். வள்ளலார் 1867இல் தொடங்கிய தரும சாலை அங்கே இருக்கிறது, அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, யார் போனாலும் சாப்பாடு. பிள்ளைகளை அந்த அடுப்பைப் பார்க்க வையுங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள், இலையில் மிச்சம் வைக்காமல்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை இருக்கிறது. காலையில் போட்டிருந்த துணியைத் தனியாக எடுத்து, சோப்பு போடுவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பிச்சாவரத்துச் சேறு கறுப்பு, உப்பு வேறு, அப்படியே மெஷினில் போட்டால் மற்ற துணியும் சாம்பல் நிறமாகிவிடும். பையன் கால்சட்டைப் பையைத் திருப்பிப் பாருங்கள், எங்கள் வீட்டில் போன தடவை அதற்குள் ஒரு நண்டுக் கொடுக்கு இருந்தது.